நூலகத்தில் ஓர் எழுத்தாளரோடு தனியாக ஒரு மணி நேரம்: கனடியப் பொது நூலகங்களின் இலவச வழிகாட்டுதலைப் பெறுவது எப்படி?

டொரொண்டோவில் ஏதாவது ஒரு தமிழ் நூல் வெளியீட்டுக்குப் போய்ப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் அவரும் எழுதுகிறார் என்பது தெரிந்துவிடும். இடம்பெயர்ந்த கதை, கொழும்பில் கழிந்த லாட்ஜ் நாட்கள், முதல் பனிக்காலம், தொழிற்சாலையின் இரவு வேலை என்று ஏதோ ஒன்று கோப்பாகக் கணினியில் கிடக்கும். பலர் அதை இப்போது ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுகிறார்கள்.

எழுதி முடித்த பிறகுதான் சிக்கல். உறவினருக்குக் காட்டினால் "அருமை" என்பார். பதிப்பகத்துக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் பதில் இருக்காது. எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நம்முடைய பத்துப் பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, எது நிற்கிறது, எது சரிகிறது என்று சொன்னால் போதும் என்றிருக்கும். அந்த வசதி கனடாவின் பல பொது நூலகங்களில் ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கிறது. நம்மவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களும் "அது வெள்ளைக்காரருக்கு, பெரிய எழுத்தாளர்களுக்கு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்குப் பொறுக்கமுடியாத வருத்தம் இது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன ஏற்பாடு?

நூலக அறிவிப்புகளில் இதன் பெயர் 'ரைட்டர் இன் ரெசிடென்ஸ்'. ஒரு நூலகம், நூல்கள் வெளியிட்ட ஓர் எழுத்தாளரைச் சில மாதங்களுக்கு ஊதியம் கொடுத்து அமர்த்துகிறது. அவர் தன் நேரத்தின் பெரும்பகுதியைச் சொந்த எழுத்துக்குச் செலவிடுவார். மீதி நேரம் ஊர்மக்களுக்கு உரியது. 60 சதவீதம் தனக்கு, 40 சதவீதம் மக்களுக்கு என்ற பங்கீடு பல அறிவிப்புகளில் காணப்படும். அந்த 40 சதவீதத்துக்குள் பயிலரங்குகளும் வாசிப்புக் கூட்டங்களும் வரும். நமக்கு வேண்டிய தனிச் சந்திப்பும் அதற்குள்தான் அடக்கம்.

இந்த வழக்கம் நன்றாக வேரூன்றியது சஸ்காச்சுவான் மாகாணத்தில். ரெஜைனா பொது நூலகம் 1978-இல் தொடங்கியது. சஸ்கட்டூன் பொது நூலகம் 1981-இல். யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரித்த ஆண்டும் அதுதான். ஒரு கண்டத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலான அதே ஆண்டில், இன்னொரு கண்டத்தின் புல்வெளி நகரமொன்றில் நூலகத்துக்குள் ஓர் எழுத்தாளருக்கு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தீயை மறக்காதவர்கள் இந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்வதில் ஒரு நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர் யாராகவும் இருக்கலாம். புதுச்சேரியில் தொடங்கும் நாவலுக்காக 2002-இல் புக்கர் பரிசு பெற்ற யான் மார்ட்டெல், அடுத்த ஆண்டே சஸ்கட்டூன் நூலகத்தில் இந்தப் பொறுப்பை ஏற்றார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒருவர், அந்த ஊர்க்காரர்கள் எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்கும் வேலைக்கு வந்தார். புதிதாக எழுதுகிறவர்களுக்காகவே ஏற்பட்ட வேலை இது. கூச்சப்பட இங்கே இடமில்லை.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் உங்கள் கையெழுத்துப் பிரதியின் எழுத்துப்பிழைகளைத் திருத்த மாட்டார். பதிப்பகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தர மாட்டார். நாவல் முழுவதையும் படிக்க மாட்டார். உங்களுக்காக எழுதித் தரவும் மாட்டார். அவர் தருவது ஒரு தேர்ந்த வாசிப்பும் அதைப் பற்றிய உரையாடலும்தான். அதன் மதிப்பு எழுதி முடித்துத் தனியாக உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

படி 1: எங்கே, எப்போது என்று கண்டுபிடியுங்கள்

டொரொண்டோ, வான்கூவர், எட்மன்டன், கால்கரி, வினிபெக், ஹாமில்டன் ஆகிய நகரங்களின் நூலகங்கள் இத்தகைய எழுத்தாளர்களை வரவேற்றிருக்கின்றன. ஹாமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் நூலகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. வான்கூவர் நூலகத்தில் பூர்வகுடிக் கதைசொல்லி ஒருவருக்கென்றே தனியாக ஓர் ஏற்பாடு உண்டு. எட்மன்டனைச் சுற்றியுள்ள சிறுநகரங்கள் ஒன்றாகக் கூடி வட்டாரத்துக்கென ஓர் எழுத்தாளரை அமர்த்துகின்றன. பெரிய நகரத்தில் இருந்தால்தான் வாய்ப்பு என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காலம் நூலகத்துக்கு நூலகம் மாறும். புல்வெளி மாகாணங்களில் (ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா) செப்டம்பரில் தொடங்கி மே வரை நீளும் வழக்கம் உண்டு. வேறு இடங்களில் இலையுதிர்காலத்திலோ வசந்தத்திலோ இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். எனவே ஆகஸ்ட் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் உங்கள் நூலக இணையதளத்தின் நிகழ்ச்சிகள் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நூலகச் செய்திமடலுக்கு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டால் அறிவிப்பு தானாகவே வந்து சேரும்.

இதைவிடச் சிறந்த வழி, கிளை நூலகத்துக்கு நேரில் போய் விசாரிப்பது. டொரொண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன. ஸ்கார்பரோவில் தமிழ் நூல் அடுக்குகள் உள்ள கிளைகளுக்கு நம்மவர்கள் வாரந்தோறும் போகிறோம். நூலை எடுக்கிறோம், திருப்புகிறோம், வந்துவிடுகிறோம். தகவல் மேசையில் இருக்கும் நூலகரிடம் பேசுவதே இல்லை. "இந்த ஆண்டு எழுத்தாளர் வருகிறாரா? எந்தக் கிளையில்? விண்ணப்பம் எப்போது திறக்கிறது?" என்று கேளுங்கள். வேறு கிளையில் நடக்கும் நிகழ்ச்சி என்றாலும் அவர் விசாரித்துச் சொல்வார். அது அவருடைய வேலை. அவர்கள் அதை விருப்பத்தோடு செய்கிறவர்கள்.

படி 2: தகுதி

இது எளிது. பெரும்பாலான நூலகங்கள் கேட்பது அந்த ஊரின் நூலக அட்டையை மட்டுமே. டொரொண்டோவில் வசிப்பவர்கள், வேலை செய்பவர்கள், படிப்பவர்கள், அங்கே சொத்து வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அட்டை இலவசம். பக்கத்து நகரமான மார்க்கத்தில் வீடும் டொரொண்டோவில் வேலையும் இருந்தால் இரண்டு ஊர் வாய்ப்பும் உங்களுக்கு உண்டு. வயது வரம்பு சில இடங்களில் இருக்கும். நூல் வெளியிட்டிருக்க வேண்டும், எழுத்துப் படிப்பு படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இருப்பதில்லை.

படி 3: எந்தப் பத்துப் பக்கம்?

அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். வழக்கமாக ஒருவர் ஒரு படைப்பு மட்டும் அனுப்பலாம். 10 முதல் 20 பக்கம் வரை அனுமதி இருக்கும். அந்த எழுத்தாளர் எந்த வகையைப் படிப்பார் என்றும் போட்டிருப்பார்கள். சிறுகதை, நாவல், கவிதை, நினைவுக்குறிப்பு ஆகியவை பெரும்பாலும் சரி. திரைக்கதையையோ கல்வி ஆய்வையோ எல்லோரும் ஏற்பதில்லை. அவருடைய நூல் ஒன்றை அதே நூலகத்தில் எடுத்துப் படித்துவிடுங்கள். கவிஞர் ஒருவரிடம் துப்பறியும் நாவலைக் கொடுத்தாலும் படிப்பார். ஆனால் அவருடைய கூர்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் எதைக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பலர் தங்களிடம் இருப்பதில் மிகச் சிறந்ததைத் தேடி எடுத்து அனுப்புகிறார்கள். அது பாராட்டை வாங்கித் தரும். மிகத் தொடக்கநிலை வரைவை அனுப்புகிறவர்களும் உண்டு. நீங்களே கண்டிருக்கக்கூடிய குறைகளைச் சொல்வதிலேயே அவருடைய நேரம் போய்விடும். உங்களால் முடிந்த அளவு இரண்டு மூன்று முறை திருத்தியும் ஏதோ ஒன்று உட்காரவில்லை என்று உறுத்துகிற படைப்புதான் இந்தச் சந்திப்புக்கு ஏற்றது. உறுத்தல் எங்கே என்று தெரியும், காரணம் தெரியாது என்ற நிலை இருக்கிறதே, அதுதான் சரியான பதம்.

நாவல் என்றால் முதல் அத்தியாயத்தையும் ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தையும் கொடுங்கள். நடு அத்தியாயத்தில்தான் சிக்கல் என்றாலும் சிக்கலின் விதை பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில்தான் விழுந்திருக்கும்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து 1995 அக்டோபர் இறுதியில் மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறிய இரவைப் பற்றிய கதை என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்கள் எழுதும் கதை ஏறக்குறைய இப்படித் தொடங்கும்:

"என் அப்பம்மா மிகவும் அன்பானவர். அவர் 1931-ஆம் ஆண்டு சுன்னாகத்தில் பிறந்தார். அவருக்கு ஏழு பிள்ளைகள். எங்கள் வீடு பெரியது. 1995-இல் நாங்கள் இடம்பெயர்ந்தோம். அந்த இரவை என் வாழ்நாளில் மறக்க முடியாது."

மூன்றாம் பக்கத்தில், யாரும் கவனிக்காத ஓர் இடத்தில், இந்த வரி இருக்கும்:

"நாவற்குழிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது அப்பம்மா என் கையைப் பிடித்து, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாயா என்று கேட்டார்."

தேர்ந்த வாசகர் பென்சிலை இந்த வரிக்குப் பக்கத்தில்தான் வைப்பார். அன்பானவர் என்று சொல்லித் தெரியாதது இந்த ஒரு கேள்வியில் தெரிகிறது. வீட்டை விட்டு வந்தாயிற்று, உயிர் தப்புமா தெரியாது, கோழிகள் கூட்டுக்குள் கிடக்கின்றன. கதை இங்கே தொடங்கலாம். ஏழு பிள்ளைகளும் பெரிய வீடும் தேவைப்பட்டால் பிறகு வந்துகொள்ளட்டும். அனுப்புவதற்கு முன் உங்கள் பக்கங்களில் இப்படியொரு வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீங்களே ஒரு முறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் கதையை அங்கே நகர்த்திவிட்டு அனுப்புங்கள். உரையாடல் அதற்கு மேலே போகும்.

படி 4: தமிழில் எழுதுகிறவர் என்ன செய்வது?

கியூபெக்குக்கு வெளியே இந்த எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். தமிழ்ப் பிரதியை அப்படியே கொடுக்க முடியாது. ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு வழியில்லை என்று அர்த்தமில்லை. பத்துப் பக்கத்தை மட்டும் ஆங்கிலமாக்கிக் கொடுக்கலாம். வீட்டில் ஆங்கிலம் சரளமாக எழுதும் மகளோ பேரனோ இருந்தால் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். கணினி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம். அது அப்பம்மாவையும் அம்மம்மாவையும் ஒரே பாட்டியாக்கிவிடும். பேச்சின் உறவும் மரியாதையும் கரைந்துபோகும்.

இது மொழிபெயர்ப்பு என்பதை முகப்புக் கடிதத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள். அப்போது அவர் வாக்கிய அழகை விட்டுவிட்டுக் கதையின் கட்டுக்கோப்பு, பாத்திரங்கள், காட்சி, வேகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவார். அவை எந்த மொழியிலும் செல்லுபடியாகும். திரும்பி வந்து தமிழ்ப் பிரதியைத் திருத்தலாம்.

ஆங்கிலத்திலேயே எழுதும் இளையவர்களுக்கு வேறொரு கேள்வி உண்டு: தமிழ்ச் சொற்களை என்ன செய்வது? சாய்வெழுத்தில் போடுவதா, அடைப்புக்குள் பொருள் தருவதா, கடைசியில் அருஞ்சொல் பட்டியல் இணைப்பதா? இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. "அப்பம்மா பிட்டு அவித்தார், அதாவது அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் கலந்து ஆவியில் அவிக்கும் உணவு" என்று எழுதினால் கதை நின்று சமையல் குறிப்பு தொடங்கிவிடுகிறது. "நீத்துப்பெட்டியைக் கவிழ்த்ததும் ஆவி அப்பம்மாவின் மூக்குக்கண்ணாடியை மூடியது" என்று எழுதினால், நீத்துப்பெட்டியைக் கண்டிராதவருக்கும் அது சூடான எதையோ அவிக்கும் பாத்திரம் என்று தெரிகிறது; நம்முடைய வாசகருக்கோ பனையோலை மணமே வந்துவிடுகிறது. செயல் விளக்கினால் அடைப்புக்குறி வேண்டாம். எங்கே செயல் விளக்கவில்லை என்பதை நமக்கு நாமே கண்டுபிடிப்பது கடினம். நமக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தமிழ் தெரியாத ஒரு தேர்ந்த வாசகர் அந்த இடங்களைச் சரியாகக் காட்டுவார். இந்தச் சந்திப்பில் நமக்கென்றே கிடைக்கும் தனிப் பலன் இது.

படி 5: பக்கத்தை ஒழுங்குபடுத்துங்கள்

12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், பக்க எண், மேலே உங்கள் பெயரும் தலைப்பும். இப்படிச் செய்தால் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 250 ஆங்கிலச் சொற்கள் அடங்கும். 10 பக்கம் என்றால் 2,500. இடைவெளியைக் குறைத்துக் கூடுதலாகத் திணிக்க வேண்டாம். அந்த வெற்றிடம் அவர் குறிப்பு எழுதுவதற்கானது. கவிதைகளை ஒற்றை இடைவெளியில், ஒரு கவிதைக்கு ஒரு பக்கமாக வையுங்கள். கேட்ட கோப்பு வடிவத்தில் மட்டும் அனுப்புங்கள். படங்கள், அலங்கார எழுத்துருக்கள், அட்டை வடிவமைப்பு எதுவும் தேவையில்லை.

என் கதையைத் திருடிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் தயங்குகிறார்கள். கனடியச் சட்டப்படி எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சொந்தப் பெயரை வைத்து வாழும் ஓர் எழுத்தாளர் நூலகத்தின் மூலம் வந்த பிரதியில் கைவைக்கத் துணிய மாட்டார். அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

கவனம் வேண்டியது வேறொன்றில். நினைவுக்குறிப்பு எழுதுகிறவர்கள், உயிரோடு இருப்பவர்களின் பெயர்களையும் ஊரையும் மாற்றிவிட்டு அனுப்புங்கள். யாருடைய அகதிக் கோரிக்கையாவது நிலுவையில் இருந்தால், அந்த வழக்கைத் தொடும் பகுதிகளை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

படி 6: முகப்புக் கடிதம்

அரைப் பக்கம் போதும். வாழ்க்கை வரலாறு, விருதுப் பட்டியல், "தங்கள் மேலான பார்வைக்கு" வகை வணக்கங்கள் எல்லாம் வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டியது நான்கைந்து வரிகள். அதை இந்தப் பாங்கில் எழுதலாம்:

"இது நான் எழுதிவரும் நாவலின் முதல் அத்தியாயம். தமிழில் எழுதியது, என் மகளுடன் சேர்ந்து மொழிபெயர்த்தேன். 1995-இல் நடக்கும் கதை. பத்து வயதுச் சிறுவன் சொல்கிறான். முழு நாவலில் பாதி முடிந்திருக்கிறது. சிறுவனின் குரல் நான்காம் பக்கத்துக்குப் பிறகு பெரியவரின் குரலாக மாறிவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. எங்கே மாறுகிறது என்று பிடிபடவில்லை. இலங்கை அரசியல் தெரியாத வாசகருக்கு எந்த இடம் புரியவில்லை என்பதையும் அறிய விரும்புகிறேன்."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் உயிர். "எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பான கேள்வி கேட்டால் அவர் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பார். சந்திப்பில் பாதி வேலை இந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடுகிறது. கதை எழுதிய அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் கொடுங்கள்.

விண்ணப்பம் திறந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். இடங்கள் குறைவு, வந்த வரிசைப்படி நிரப்பும் நூலகங்களும் உண்டு. கடைசி நாள் வரை காத்திருப்பது நம்முடைய பழக்கம். இங்கே அது உதவாது.

படி 7: சந்திப்பு நாள்

அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். நூலகத்தின் ஓர் அறையிலோ, தொலைபேசியிலோ, காணொளியிலோ நடக்கும். தேர்வு செய்யும் உரிமை இருந்தால் நேரில் போங்கள். குறிப்பெழுதிய தாள் இருவருக்கும் நடுவில் கிடக்கும்போது பேச்சு வேறு விதமாக இருக்கும்.

அவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். வயதில் மூத்தவரை அப்படி அழைக்க நமக்கு நாக்கு வராது. ஆனால் இங்கே அதுதான் வழக்கம், அவர் அதைத்தான் எதிர்பார்ப்பார். பலகாரம், பரிசுப்பொருள் எதுவும் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோக வேண்டியது அனுப்பிய பக்கங்களின் ஓர் அச்சுப் பிரதி, பேனா, குறிப்பேடு. ஒலிப்பதிவு செய்ய விரும்பினால் தொடக்கத்திலேயே அனுமதி கேளுங்கள்.

முதல் பத்து நிமிடம் அவரைப் பேச விடுங்கள். இதுதான் கடினம். "இந்த இடத்தில் சிறுவன் ஏன் அழவில்லை?" என்று அவர் கேட்டவுடன் நமக்கு விளக்கம் பீறிட்டுவரும்: "அது வந்து, அவனுடைய அண்ணன் அதற்கு முந்தின வாரம்தான்..." என்று தொடங்கிவிடுவோம். சொல்லத் தொடங்கியதை நிறுத்திவிட்டு, அந்த விளக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நீங்கள் வாயால் சொல்ல வந்ததுதான் பக்கத்தில் விடுபட்ட வாக்கியம். பிரதியோடு கூடவே போய் ஒவ்வொரு வாசகருக்கும் அதை விளக்க உங்களால் முடியாது.

கனடியர்கள் குறையை மென்மையாகச் சொல்கிறவர்கள். நம் ஆசிரியர்களிடம் பழகியவர்களுக்கு அந்த மென்மையில் குறை காதில் விழாமலே போய்விடும். "இந்தப் பகுதியில் எனக்குச் சற்றுப் பின்தொடர முடியவில்லை" என்று புன்னகையோடு சொன்னால், அந்தப் பகுதி நிற்கவில்லை என்று பொருள். "சுவாரஸ்யமான தேர்வு" என்றால், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார். புன்னகையை வைத்து மதிப்பிடாமல் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மனம் துணிந்தால், "இந்தப் பத்துப் பக்கத்தில் எதை நீக்கினால் கதைக்கு நட்டமில்லை?" என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும்.

வேறு என்ன கேட்கலாம்? எந்த இடத்தில் ஆர்வம் குறைந்தது என்று கேட்கலாம். எந்தப் பாத்திரத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்பினார் என்று கேட்கலாம். இந்தக் கதைக்காக நான் எந்த நூல்களைப் படிக்க வேண்டும் என்று அவசியம் கேளுங்கள். நூலகத்துக்குள் இருக்கிறீர்கள், வெளியே வந்ததும் அந்த நூலை அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பதிப்பகம், முகவர் பற்றிய கேள்விகளைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். முழு நேரத்தையும் அதற்கே செலவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, அவருடைய வாசிப்பு கிடைக்காது.

போர் அனுபவங்களை எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரே ஒருவர் அக்கறையோடு கேட்கும்போது, எழுதாததெல்லாம் மேலே வந்துவிடலாம். கண் கலங்கினால் வெட்கப்பட வேண்டாம். ஒரு நிமிடம் அவகாசம் கேளுங்கள். ஆனால் அவர் உளநல ஆலோசகர் அல்லர். அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேறு ஆளும் வேறு நேரமும் வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தைப் பக்கங்களுக்கே கொடுங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதிவையுங்கள். பிறகு சில நாட்கள் பிரதியைத் தொடாதீர்கள். சூட்டோடு திருத்தினால் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவோம், அல்லது எதையும் ஏற்கமாட்டோம்.

குறிப்புகளைத் திரும்பப் பார்க்கும்போது, அவர் எதைக் கவனித்தார் என்பதையும் அதற்கு என்ன தீர்வு சொன்னார் என்பதையும் பிரித்துப் பாருங்கள். கவனித்ததை நம்புங்கள்; ஒரு தேர்ந்த வாசகருக்கு ஓரிடம் இடறினால் அங்கே ஏதோ இருக்கிறது. தீர்வு அவருடையது, அவர் எழுதினால் அப்படி எழுதுவார். நாவற்குழிப் பாலத்தில் நின்றது நீங்கள். "அப்பம்மா இந்த இடத்தில் இறந்துவிட்டால் கதைக்கு வலு சேரும்" என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வலு போதவில்லை என்பது உண்மையாக இருக்கும். அப்பம்மாவைக் கொல்ல வேண்டியதில்லை.

நூலகத்தின் வழியாக ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். நூலகத்துக்கும் தனியாக நான்கு வரி எழுதுங்கள், இந்த நிகழ்ச்சியால் என்ன பயன் கிடைத்தது என்று. அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அவர்கள் காட்டுவது இத்தகைய கடிதங்களைத்தான். அதே எழுத்தாளருக்குத் திருத்திய பிரதியை மீண்டும் அனுப்புவது பொதுவாக முடியாது. அவருடைய சொந்த முகவரியைத் தேடிப் பிடித்து அனுப்புவது முறையுமல்ல. அடுத்த பருவத்தில் வேறோர் எழுத்தாளர் வருவார். அப்போது புதிய பக்கங்களோடு போகலாம்.

இடைப்பட்ட காலத்தில் அதே நூலகத்தின் எழுத்தாளர் வட்டத்தில் சேருங்கள். டொரொண்டோ வட்டாரத்தில் இருப்பவர்கள் 'டயஸ்போரா டயலாக்ஸ்' அமைப்பின் வழிகாட்டுதல் திட்டங்களையும் கவனியுங்கள்; புதிதாக எழுதுகிறவர்களை அனுபவமுள்ளவர்களோடு இணைப்பதற்காகவே அது இயங்குகிறது. ஒன்டாரியோ கலை மன்றத்தின் எழுத்தாளர் நல்கை (நிதியுதவி) ஒன்றுக்குப் பதிப்பகங்கள், இதழ்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்கும் அனுப்ப வேண்டியது திருத்திச் செப்பம் செய்த சில பக்கங்கள்தான்; உங்களிடம் இப்போது அவை இருக்கும்.

இடம் கிடைக்காவிட்டால்

பட்டியல் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் வரிசையில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். தனிச் சந்திப்பு கிடைக்காவிட்டாலும் அந்த எழுத்தாளர் நடத்தும் பயிலரங்குக்குப் போகலாம். அங்கே கேள்வி நேரத்தில் உங்கள் சிக்கலை ஒரே வாக்கியத்தில் கேட்கத் தெரிந்தால் நல்ல பதில் கிடைக்கும்.

உங்கள் ஊர் நூலகத்தில் இந்த ஏற்பாடே இல்லையென்றால் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒருவர் எழுதுவதைவிட, வாசகர் வட்டமோ முதியோர் சங்கமோ இருபது கையெழுத்தோடு எழுதினால் எடை அதிகம். எழுத்தாளர்களை அமர்த்துவதற்குக் கனடா கலை மன்றத்திடமும் மாகாணக் கலை மன்றத்திடமும் என்ன உதவி கிடைக்கும் என்று விசாரிக்கும்படி அதிலேயே கேளுங்கள். தமிழ் தெரிந்த எழுத்தாளர் ஒருவரை ஒரு பருவத்துக்கு அழைக்கும்படியும் கேட்கலாம். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிராம்ப்டனிலும் நம்முடைய நூலக அட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கேட்பதற்கான உரிமை அந்த அட்டையிலேயே இருக்கிறது.